வீடும் வேலையும்: தங்கவயல் கற்பித்த கணக்கு

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டுப் பெருநகரம் புகும் குடும்பம் எதுவாயினும், அது முதன்முதலில் விடை காணவேண்டிய வினா ஒன்று உண்டு. எங்கே குடியிருப்பது என்பதே அவ்வினா. அலுவலகத்துக்கோ ஆலைக்கோ அருகில் வீடு எடுத்தால் ஊதியத்தில் பெரும்பங்கை வாடகை விழுங்குகிறது. வாடகை குறைந்த புறநகரில் குடியேறினால் நாளின் பெரும்பங்கைப் பயணம் விழுங்குகிறது. பணத்தை விடுவதா, பொழுதை விடுவதா என்று கணவனும் மனைவியும் இரவெல்லாம் பேசித் தீர்க்க முயல்வதைப் புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் நாம் கண்டிருக்கிறோம்.

இவ்வினாவுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு விடைகளைக் கண்ட ஊர் ஒன்று கருநாடகத்தில் இருக்கிறது. அது கோலார் தங்கவயல். முதல் விடையைக் கும்பினி எழுதியது. இரண்டாம் விடையை மக்களே எழுதினர். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது, இன்று வீடு தேடும் நமக்கும் பயன்தரும்.

சுரங்கம் தேடி வந்தோர்

கோலார்ப் பகுதியில் பொன் உண்டு என்பதை மக்கள் பழங்காலந்தொட்டே அறிந்திருந்தனர். 1802-இல் ஆங்கிலப் படை அதிகாரியான ஜான் வாரன், சிற்றூர் மக்கள் மண்ணை அரித்தும் சிறு குழிகளில் இறங்கியும் பொன் எடுப்பதைக் கண்டு எழுதினார். 1870களில் மைக்கேல் லாவெல் என்பார் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880-இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்ற பின்னரே தொழில் உறுதியாகக் காலூன்றியது. மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

பாறையைக் குடைந்த கைகளுள் மிகப் பல தமிழர் கைகள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும், நிலமின்றியும் மழையின்றியும் தவித்த குடும்பங்கள் மேற்கே நடந்தன. அவருள் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். ஊரில் சேரியின் எல்லைக்குள் அடங்கிக் கிடக்குமாறு பணிக்கப்பட்டவர்களுக்கு, சுரங்கம் கொடுமையான இடமேயாயினும், காசாகக் கூலி தரும் இடமாக இருந்தது. 1864-இலேயே சோலையார்பேட்டைக்கும் பெங்களூருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் அப்பாதையில் உள்ள பௌரிங்பேட்டையில், இன்றைய பங்காருப்பேட்டையில், இறங்கிய பின்னரும் பத்து மைல் எஞ்சியிருந்தது. 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளைப்பாதை அமைந்தது. எந்திரங்களும் நிலக்கரியும் மரமும் சுரங்க வாயில்வரை வந்து சேரவேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். பதினாறு கிலோமீட்டர்ப் பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று நெருக்கமாக நிற்கும் நிலையங்களின் பெயர்களே, பாதை யாருக்காகப் போடப்பட்டது என்பதைச் சொல்லும். சுரங்கத்துக்காகப் போடப்பட்ட இப்பாதை, சுரங்கம் மறைந்த பின்னும் மக்களைக் காக்கப் போகிறது என்பதை அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

லைன் வீடுகள்

தொடக்க காலத்தில் தொழிலாளர் வாழ்ந்தவை மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகள். அவற்றை அடுத்து வரிசை வரிசையாகச் சிறு வீடுகள் எழுந்தன. அவ்வரிசைகளுக்கு 'லைன்' என்பது பெயர். இலங்கை மலையகத்துத் தோட்டங்களில் நம் மக்கள் 'லயம்' என்று வழங்கும் குடியிருப்புக்கும் இதற்கும் பெயரில் மட்டுமன்றி இயல்பிலும் உறவு உண்டு. இரண்டும் முதலாளியின் நிலத்தில் முதலாளி கட்டியவை. இரண்டிலும் வேலை இருக்கும்வரைதான் கூரை.

லைன்கள் எங்கே அமையவேண்டும் என்பதைச் சுரங்கமே முடிவு செய்தது. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் அதனதன் லைன்கள் அண்மையில் இருந்தன. சங்கு ஊதினால் கேட்கும் தொலைவில் வீடு. வீட்டை விட்டுப் புறப்பட்டால் சிறிது நடையில் சுரங்க வாயில். இரவும் பகலும் முறைமாற்றி ஆள் இறங்கும் தொழிலில், குறித்த நேரத்துக்கு ஆள் வந்து சேர்வது கும்பினிக்கு இன்றியமையாதது. ஆகவே தொழிலாளியின் நடை குறைந்தது அவன்மீது கொண்ட பரிவால் அன்று; எந்திரம் காத்திருக்கலாகாது என்பதால்.

ஐரோப்பிய அதிகாரிகளின் மாளிகைகள் தோட்டம் சூழத் தனித்து நின்றன. அவர்களுக்கெனக் கழகமும் விளையாட்டுத் திடலும் இருந்தன. அக்குளிர்ந்த காற்றும் பூந்தோட்டங்களும் கண்டு அவர்கள் இவ்வூரைச் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்து மகிழ்ந்தனர். வணிகத்துக்கும் பிறர் குடியிருப்புக்கும் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகியவை உருவாயின. இவ்வாறு யார் எங்கே குடியிருப்பது என்பது பதவியாலும் நிறத்தாலும் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது. லைனில் வாழ்ந்தவனுக்கு வீடு தெரிவுசெய்யும் வினாவே எழவில்லை. வேலை கிடைத்த சுரங்கம் எதுவோ, அதன் லைனே அவன் ஊர்.

எனினும், கும்பினி தன் நலம் கருதி நெருக்கி வைத்த வீடுகளில், மக்கள் தம் நலத்துக்கு உரிய ஒன்றை வளர்த்துக்கொண்டனர். வேலை முடிந்ததும் வீடு. வீட்டை அடுத்து அயலார். அயலார் அனைவரும் உடன் உழைப்போர். பயணத்தில் செலவாகாத பொழுது ஊர்ப்பணிக்கு எஞ்சியது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைவிட்டது. அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னர், 1926-இல் ஜி. அப்பாதுரையாரால் இத்தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. 1930-இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிக்கவேண்டும் என்று ஆணை பிறந்தபொழுது, அதை எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தம் சுரங்கம் விட்டுச் சுரங்கம் பரவியது. ஒரே லைனில் வாழ்வோர்க்குச் செய்தி சொல்லத் தூதுவர் வேண்டுமோ! கட்டுக்குள் வைக்கக் கட்டிய லைனே ஒன்றுகூடும் களமாகவும் ஆயிற்று.

கீழ்நோக்கிய பயணம்

வீட்டுக்கும் சுரங்க வாயிலுக்கும் தொலைவு குறைவு என்றோம். ஆனால் வேலைக்குச் செல்லும் தொலைவு அங்கே முடிந்துவிடவில்லை, அங்கேதான் தொடங்கியது. சாம்பியன் ரீஃபில் உள்ள கிஃபோர்டு இறங்குகுழி ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் செங்குத்தாகக் கீழே செல்வது. கூண்டில் நெருக்கி நின்று அவ்வளவும் இறங்கி, உள்ளே நடந்து, வேறொரு கூண்டில் ஏறி, மேலும் ஆழம் செல்லவேண்டும். சாம்பியன் ரீஃபின் அடி ஆழம் 3,200 மீட்டர் அளவை எட்டியது. உலகின் மிக ஆழ்ந்த சுரங்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையையும் தாண்டும். குளிர்காற்றை மேலிருந்து செலுத்தினால்தான் அங்கே மனிதன் நிற்க முடியும்.

நிலப்படத்தில் சிறிது நடையாகத் தோன்றிய தொலைவு, உண்மையில் உலகத்தின் மிகக் கடுமையான அன்றாடப் பயணங்களுள் ஒன்றாக இருந்தது. பாறை வெடித்துச் சிதறும் இடர் எந்நேரமும் உண்டு. அந்த அதிர்ச்சியில் மேலே லைன் வீடுகளின் சுவர்களும் நடுங்கும். அடுப்பங்கரையில் நிற்கும் பெண்ணுக்கு, கணவன் காலடியில் இருக்கிறான் என்பதும், எட்டாத தொலைவில் இருக்கிறான் என்பதும் ஒருசேரத் தெரியும். வேலையின் தொலைவை மைல்கணக்கால் மட்டும் அளக்கலாகாது என்னும் முதல் பாடத்தைத் தங்கவயல் இவ்வாறு கற்பித்தது.

சங்கு நின்ற நாள்

விடுதலைக்குப் பின் 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை நடுவணரசின் பொறுப்புக்கு மாறின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. ஆனால் ஆழம் ஏற ஏறச் செலவு ஏறியது. பாறையில் பொன்னின் அளவோ குறைந்துகொண்டே வந்தது. ஏறத்தாழ 800 டன் பொன்னை உலகுக்கு ஈந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. எஞ்சியிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் ஒரே நாளில் வேலையிழந்தனர்.

வேலை போனால் வீடு போகும் என்பது லைனின் பழைய நெறி. இப்பொழுதோ வேலை தந்தவனே போய்விட்டான். வீடு மட்டும் நின்றது. தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்த வீட்டுக்குத் தம் பெயரில் உரிமைப் பத்திரம் வேண்டும் என்பது முன்னாள் தொழிலாளர் குடும்பங்களின் நெடுநாள் கோரிக்கையாயிற்று. ஊரில் 1964-இல் தோன்றிய பெமல் தொழிற்சாலை சிலருக்கு வேலை தந்தது. அனைவருக்கும் தர அதனால் இயலாது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரம் இது. அவர்களுக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஊரைக் காலிசெய்து வேலை இருக்கும் இடத்துக்குப் போவது ஒன்று. ஊரில் இருந்துகொண்டே வேலையை நாளும் தேடிச் செல்வது மற்றொன்று.

இந்நிலை தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. பம்பாயில் பரேல் வட்டாரத்துப் பஞ்சாலைகளைச் சுற்றி, நடந்துபோகும் தொலைவில் 'சால்' குடியிருப்புகள் எழுந்தன. 1982-இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. சென்னையில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. அதன் நிழலில் வளர்ந்த பெரம்பூர்ப் பகுதி வேறு பிழைப்புகளைத் தேடவேண்டியதாயிற்று. ஆனால் அவை பெருநகரத்துக்குள்ளேயே இருந்தவை. ஒரு வேலை போனால் மறு வேலை தேட நகரம் சூழ இருந்தது. தங்கவயலுக்கோ, பெருநகரம் இருப்புப்பாதை வழியே 86 கிலோமீட்டர் அளவு தொலைவில் இருந்தது.

விடியற்கால வண்டி

பலர் குடும்பத்தோடு பெங்களூருக்குக் குடிபெயர்ந்தனர். பலர் பெயரவில்லை. அவர்கள் 1894-இன் பாதையைத் தம் வாழ்வின் பாதையாக்கிக்கொண்டனர். பொழுது புலருமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டி, சாம்பியனிலும் உரிகத்திலும் கோரமண்டலிலும் ஆள் நிரப்பிக்கொண்டு, பங்காருப்பேட்டையில் பெரும்பாதையில் சேர்ந்து, மாலூர், ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம், கன்டோன்மென்ட் வழியாகத் தலைநகர் புகும். ஆயிரக்கணக்கானோர் அதில் நாள்தோறும் போய்த் திரும்புகின்றனர். கட்டடத் தொழிலாளர், காவலர், ஆயத்த ஆடை ஆலைப் பெண்டிர், மருத்துவமனைப் பணியாளர், கடைச் சிப்பந்திகள், கணினி நிறுவன ஊழியர் எனப் பல தொழிலோரும் அதில் உண்டு.

இங்கே வரலாற்றின் விந்தை ஒன்றைக் கருதவேண்டும். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்னாற்றல் கொண்டுவந்தனர். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-இல்தான். அன்று பெருநகரத்துக்கு முன்னே ஒளிபெற்ற ஊரின் மக்கள், இன்று இருளில் எழுந்து பெருநகரத்துக்கு ஓடுகின்றனர். அவர்கள் பலர் இறங்கும் ஒயிட்ஃபீல்டும் அத்தகையதே. 1882-இல் ஆங்கிலோ இந்தியர் உழுது வாழ்வதற்கென உண்டாக்கிய அமைதியான சிற்றூர் அது. இன்று அது கணினித் தொழிலின் பெருங்களம்.

இம்மக்களின் கணக்கு அறியாமையால் எழுந்ததன்று. பெங்களூரில் வீடு எடுக்கப் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். அத்தொகை ஒரு காவலருக்கோ தையல் தொழிலாளிக்கோ எட்டாக் கனி. தங்கவயலில் தலைக்கு மேல் கூரை ஏற்கெனவே இருக்கிறது. இரயில்வே தரும் மாதப் பருவச் சீட்டு 150 கிலோமீட்டர் தொலைவுவரை செல்லுபடியாகும். அதற்குச் சில நூறு ரூபாயே ஆகும். ஆகவே பணக் கணக்கில் ஐயமே இல்லை: ஊரில் இருந்து போய்வருவதே இலாபம்.

பொழுதுக் கணக்கு வேறு. ஒருவழிப் பயணம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். இரண்டு மணி என்றே வைத்துக்கொண்டாலும் நாளைக்கு நான்கு மணி. மாதம் 25 நாளில் நூறு மணி. ஆண்டுக்கு 1,200 மணி. அதாவது ஆண்டில் ஐம்பது முழு நாள்கள், இரவு பகல் இடைவிடாது, வண்டியில் கழிகின்றன. இத்தாலிய அறிஞர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் எழுதிய ஆய்வுரையில், மனிதர் எக்காலத்தும் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமே பயணத்துக்குச் செலவிடுகின்றனர் என்றும், ஊர்தி விரைவானால் நேரம் குறைவதில்லை, ஊரே விரிகிறது என்றும் கூறினார். சென்னை இதற்குச் சான்று. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியதும், மாம்பலத்தில் குடியிருந்துகொண்டு ஜார்ஜ் டவுனில் வேலை பார்ப்பது எளிதாயிற்று. நகரம் தெற்கே நீண்டது. தங்கவயலாரோ அந்த ஒரு மணி நேர எல்லையை நான்கு மடங்கு கடந்தவர்கள். தாங்கும் அளவைத் தாண்டியும் அவர்கள் ஏன் தாங்குகின்றனர்?

கணக்கில் சேராதவை

நம் தொன்மையான இலக்கண மரபு, தலைவன் செல்வம் தேடிப் போவதைப் பொருள்வயிற் பிரிவு என்று பெயரிட்டுப் பாலைத் திணையில் வைத்தது. அப்பிரிவுக்கு ஒரு முடிவு உண்டு. குறித்த பருவத்தில் தலைவன் மீள்வான், பிரிவு ஓயும். தங்கவயலின் பிரிவோ நாள்தோறும் தொடங்கி நாள்தோறும் முடிவது. தந்தை புறப்படும்பொழுது குழந்தை உறங்குகிறது, திரும்பும்பொழுதும் உறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமையில்தான் இருவரும் விழித்த முகத்தோடு சந்திக்கின்றனர். பயணம் செய்பவள் பெண்ணாயின் சுமை இரட்டிப்பு. அவள் வண்டிக்கு முன்னே எழுந்து உலை வைத்து, வண்டி திரும்பிய பின் மீண்டும் அடுப்பின் முன் நிற்கிறாள். ஐம்பது நாள் என்று நாம் போட்ட கணக்கில் அவளது உறக்கம் சேரவில்லை.

அவ்வாறே ஊரில் இருப்பதன் பயனும் வாடகைக் கணக்கில் முழுமையாகச் சேர்வதில்லை. முதியோரைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டில் ஆள் உண்டு. பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பினால் கதவு திறக்கப் பாட்டி உண்டு. கோயிலும் தேவாலயமும் பௌத்த சங்கமும் பாட்டன் காலத்தவை. கன்னட நாட்டின் நடுவே தமிழ் பேசித் தமிழ் படித்து வளர்ந்த தெரு அது. பெருநகரின் மூலையில் ஒற்றை அறை எடுத்துப் பிரிந்து போனால், கூரை வேறு கிடைக்கும், இத்தெரு கிடைக்காது. சுரங்கம் அவர்களுக்கு விட்டுச் சென்ற சொத்து பொன் அன்று. அது ஒருவரையொருவர் அறிந்த இந்த அண்மையே. அதை இழக்க விரும்பாமல்தான் அவர்கள் ஆண்டுக்கு ஐம்பது நாளை விலையாகக் கொடுக்கின்றனர்.

இதனால் நெடும்பயணமே நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்விலை மிகப் பெரிது. அதை ஒரு தலைமுறை கொடுக்கலாம், அடுத்த தலைமுறையும் கொடுக்கவேண்டும் என்று கேட்பது முறையன்று. ஊரிலேயே தொழில் வளரவேண்டும், வண்டிகள் மிகவேண்டும், விரையவேண்டும். 2023-இல் ஒயிட்ஃபீல்டு வரை மெட்ரோ வந்தது. 2024 இறுதியில் ஓசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரை புதிய விரைவுச்சாலை போக்குவரத்துக்குத் திறந்தது. இவை தொலைவைச் சிறிது சுருக்கும். ஆனால் சாலை சுருங்கச் சுருங்க நிலத்தின் விலை ஏறும் என்பதும் நாம் அறிந்ததே. வீட்டுக்கு உரிமைப் பத்திரம் இல்லாதவர்க்கு அந்த ஏற்றம் வரமாகுமா, அச்சமாகுமா என்பதை ஆட்சியாளர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வீடு தேடும் நம் குடும்பங்கள் தங்கவயலிலிருந்து பெறத்தக்கவை சில உண்டு. வேலைக்கு அருகில் இருப்பது எப்பொழுதும் நல்வினை என்று எண்ணவேண்டா; வேலையே வீட்டை உடைமையாகக் கொண்டிருந்தால் அந்த அண்மை ஒரு விலங்காகவும் ஆகலாம். தொலைவை மைலால் மட்டும் அளக்கவேண்டா. பயணம் செய்பவரின் பொழுதோடு, வீட்டில் காத்திருப்பவரின் பொழுதையும் சேர்த்து அளக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை நிலையானது என்று நம்பி ஊரைத் தெரிவுசெய்யவேண்டா. நூற்றிருபது ஆண்டு நின்ற சுரங்கமே ஒரு நாளில் மூடிற்று. அன்று அம்மக்களைத் தாங்கியவை அடுத்த வீடும், ஒரு பழைய இருப்புப்பாதையுமே. வாடகையையும் வண்டி நேரத்தையும் எழுதிப் பார்க்கும் தாளில், இடர் வந்த இரவில் கதவு தட்ட எத்தனை வீடுகள் உண்டு என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குவோமாக.